வளைவு உன்னுடையது, முடிவும் உன்னுடையதே

ஐப்பசி பிறந்துவிட்டால் சேர்வராயன் மலையில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கும். காபிச் செடியில் பழம் சிவக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையும் வந்து இறங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு. அதே மாதங்களில்தான் மழை, மூடுபனி, ரோட்டில் செம்மண் சகதி. உன் பிக்கப்புக்கு அதிக லோடு கிடைக்கும் காலமும், ரோடு மிக மோசமாகக் கிடக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. தம்பி, இந்த மாதங்களில் உன் வண்டிக்கு அடியில் என்ன டயர் ஓட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவன் நீ. மச்சான் அல்ல, வண்டியை விற்றவர் அல்ல, லோடு ஏற்றும் வியாபாரி அல்ல. நீ.

"எனக்கென்னண்ணே தெரியும், கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதைப் போட்டுக்கிட்டு ஓட்டுறேன்" என்று நாகலூரிலும் மாரமங்கலத்திலும் வெள்ளக்கடையிலும் நல்ல டிரைவர்களே சொல்கிறார்கள். இந்தப் பேச்சு எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. உனக்கா தெரியாது? அடிவாரத்திலிருந்து மேலே ஏற்காட்டுக்கு வரும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதில் மழைத்தண்ணீர் ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் என்று உனக்குத் தெரியும். சில்வர் ஓக் இலை உதிர்ந்து, ஊறி, எந்தத் திருப்பத்தில் வழுக்கும் என்று தெரியும். மூடுபனி எத்தனை மணிக்கு ஒண்டிக்கடையை மூடும், எத்தனை மணிக்கு விலகும் என்பதும் தெரியும். குப்பனூர் வழியாக இறங்கினால் எந்த இடத்தில் இரண்டாம் கியரே அதிகம் என்பது உன் இடது காலுக்கே தெரியும். டயர் கம்பெனியின் எந்த எஞ்சினியருக்கும் இதெல்லாம் தெரியாது. இவ்வளவு அறிவை வைத்துக்கொண்டு கடை வாசலில் தலையைக் குனிந்து நிற்கிறாயே, அதைத்தான் இன்றோடு விடச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். கைப்பேசியில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு, "நம்ம ஊர் குளிருக்கும் அந்த விண்டர் டயர் போட்டா என்ன?" என்று கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கேட்பது தப்பில்லை. கேட்காமல் வாங்குவதுதான் தப்பு. அந்த டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கும். உறைபனியில் ஓடத் தகுதி உண்டு என்று சோதித்ததற்கான முத்திரை அது. சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும், ரோட்டைப் பிடிக்காது. விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இதைப் போடாமல் வண்டி ஓட்டுவது சட்டப்படி குற்றம். மொன்றியலில் வாழும் நம் தமிழர்களும் ஆண்டுதோறும் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஏற்காட்டில் மார்கழி இரவும் கம்பளிக் குளிர்தான். ஆனால் ரோட்டில் பனி உறைந்து கிடப்பதில்லை. நீ காலையில் ஏரிக்கரையில் ஸ்டார்ட் செய்கிறாய், ஒரு மணி நேரத்தில் சேலம் வெயிலில் நிற்கிறாய். அந்த இளக்கமான ரப்பரைச் சேலம் தார் ரோடு சித்திரையில் தேய்த்துத் தின்றுவிடும். சூட்டில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ஆகவே அது உனக்கு வேண்டாம். உன் குளிர்காலம் ஈரக் காலம். தண்ணீர், சேறு, இலை, இறக்கம், லோடு என்ற இந்த ஐந்துக்கும் ஈடுகொடுப்பதுதான் உன் விண்டர் டயர்.

ஆனால் அந்த உறைபனி டயர் எப்படிப் பிறந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் உனக்கான செய்தி இருக்கிறது. உலகின் முதல் விண்டர் டயரைச் செய்தது அமெரிக்காவோ ஜெர்மனியோ இல்லை. பின்லாந்து என்ற சின்ன நாடு. அங்கிருந்த ஒரு ரப்பர் தொழிற்சாலை 1934-இல் அதைக் கொண்டுவந்தது. அதுவும் காருக்காக இல்லை, சரக்கு லாரிக்காக. வெளிநாட்டிலிருந்து வந்த டயர்கள் அவர்கள் ரோட்டின் பனியில் புதைந்து சுற்றின. பெரிய நாட்டுக்காரன் ஒருநாள் நமக்காகச் செய்து தருவான் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் ரோட்டை நம்மைவிட யார் அறிவார் என்று இறங்கினார்கள். இரண்டே ஆண்டில், 1936-இல், கார்களுக்கும் செய்தார்கள். இன்று உலகம் முழுக்க உறைபனி ரோட்டுக்கு டயர் செய்பவர்கள் அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறார்கள்.

தூரத்துக் கதை என்கிறாயா? சென்னைத் திருவொற்றியூருக்கு வா. 1946-இல் அங்கே ஒரு கொட்டகையில் மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் பொம்மை பலூன் செய்து விற்கத் தொடங்கினார். வசதியாகப் பிறந்தவர்தான், ஆனால் குடும்பத்தின் வங்கி 1938-இல் மூழ்கி, சொத்து பறிபோய், தந்தை சிறைக்குப் போயிருந்தார். பலூனிலிருந்து 1952-இல் ரீட்ரேடிங்குக்கான ரப்பருக்கு வந்தார். வெளிநாட்டுக் கம்பெனிகள் சந்தையைக் கையில் வைத்திருந்த காலம் அது. 1961-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு டயரே செய்தார். அங்கேதான் அடி விழுந்தது. அமெரிக்க ரோட்டுக்கு வகுத்த முறை நம் ரோட்டுக்கும் நம் லோடுக்கும் பொருந்தவில்லை. வாங்கிய அறிவு போதாது என்று தெரிந்ததும், சொந்தமாகவே ஆராய்ச்சி நிலையம் கட்ட முடிவு செய்தார்கள். 1963-இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு. 1967-இல் அதே கம்பெனியின் டயர் அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது. எம்.ஆர்.எஃப். என்ற அந்த மூன்று எழுத்தை வாங்கு என்று சொல்ல இதை எழுதவில்லை. எந்தக் கம்பெனியை வாங்குவது என்பதும் உன் முடிவுதான். அடுத்தவன் ரோட்டுக்குச் செய்த விடை உன் ரோட்டுக்கு விடையாகாது என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள், அதைச் சொல்கிறேன்.

இப்போது கீழே உட்கார். டயரின் பக்கச் சுவரைப் படி. ஆங்கிலம் என்று மிரளாதே. அங்கே உனக்கு வேண்டியது பெரும்பாலும் எண்கள்தான். எண் எல்லா மொழிக்காரனுக்கும் பொது.

அங்கே ஓர் எழுத்து வரிசையின் கடைசியில், ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3824 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 38-ஆவது வாரத்தில் செய்த டயர். கடைக்காரர் "புதுசு தம்பி, இப்பத்தான் வந்தது" என்று சொல்லும்போது நீ வாதாட வேண்டியதில்லை, குனிந்து அந்த எண்ணைப் பார்த்தால் போதும். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் வயதால் இறுகும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டில் வழுக்கும். டயரின் மேலுள்ள ரப்பர் கட்டை, அதாவது பட்டன், உயரமாய் இருக்கிறதே என்று ஏமாறாதே. ஐந்தாறு ஆண்டு தாண்டிய டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பக்கச் சுவரைத் தடவிப் பார்த்த பிறகே மலை ஏறு.

அடுத்து, சைஸுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும். அந்த எண் ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறி. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900. 109 என்றால் 1030. இது ஒரு டயருக்கு. பின்னால் இரண்டு டயர். 104 போட்டிருக்கிறாய் என்றால் பின் அச்சில் வண்டியின் எடையும் சரக்கும் சேர்ந்து 1800 கிலோ, அதோடு சரி. இந்தக் கணக்கைப் போட நான்காம் வகுப்பு போதும். டாடா ஏஸின் 12 அங்குல ரிம்முக்கு வேறு கணக்கு, பொலேரோ பிக்கப்பின் 15 அங்குலத்துக்கு வேறு கணக்கு. வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கும் குறிக்குக் கீழே ஒருபோதும் இறங்காதே. விலை குறைவு என்று காருக்கான டயரை லோடு வண்டிக்கு மாட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டு. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இறக்கத்தைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் உயிர் போகிறது. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500. லோடோடு மூன்று டன் எடையுள்ள உன் வண்டி இந்த 1200 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை ஒரு பாத்திரத்தில் பிடிக்க முடிந்தால், நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அவ்வளவு சூடும் எங்காவது போயாக வேண்டும். நீ கியரைக் குறைத்து எஞ்சினைக் கொண்டு பிடித்தால் எஞ்சின் வழியாகப் போகும். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடித்தால் முழுக்க பிரேக் டிரம்முக்குள் போகும். டிரம் கொதிக்கும், பிரேக் மிதி கீழே போகும், ஆனால் வண்டி நிற்காது. எஞ்சின் பிடித்தாலும் பிரேக் பிடித்தாலும் அந்தப் பிடி கடைசியில் ரோட்டில் ஊன்றுவது டயர் வழியாகத்தான். டயர் மொட்டையாக இருந்தால் எஞ்சினும் வீண், பிரேக்கும் வீண். ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொன்னது இதனால்தான்.

மழையில் டயருக்கு ஒரே வேலை, அடியில் வரும் தண்ணீரை வெளியே துப்புவது. அந்த வேலையைச் செய்வது டயரில் வெட்டியிருக்கும் பள்ளம். மத்திய மோட்டார் வாகன விதிப்படி நான்கு சக்கர வண்டியில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சிறு மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. எப்.சி.க்கு அது போதலாம். உனக்குப் போதாது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் ஈர ரோட்டில் நிற்க எடுக்கும் தூரம் சடசடவென்று கூடும். சமவெளியில் அந்தக் கூடுதல் தூரத்துக்கு ரோடு இருக்கும். பதினொன்றாவது வளைவில் என்ன இருக்கிறது? எனவே அரசாங்கத்தின் கோடு 1.6 ஆக இருக்கட்டும், உன் கோட்டை நீ 3-இல் போடு. ஐப்பசிக்கு முன்பே அளந்து பார். அளக்கும் கருவி கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

எந்த மாதிரிப் பள்ளம் என்பது நீ எங்கே ஓட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது. இதில் உன்னைத் தவிர யாரும் முடிவு சொல்ல முடியாது. சேலம் ரோட்டில் மட்டும் ஏறி இறங்குகிறவனா? நீளவாக்கில் கோடு கோடாக ஓடும் டயர் தண்ணீரை நன்றாகத் தள்ளும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். கொட்டச்சேட்டுக்கு உள்ளே, எஸ்டேட் செம்மண் தடத்தில் காலியாக ஏறிப் பழம் ஏற்றி வருகிறவனா? காலி வண்டியின் பின்பக்கம் லேசு. தள்ளுவதும் அந்தச் சக்கரமே. கோடு டயரில் சேறு அப்பிக்கொண்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். அங்கே பின்னால் பட்டன் டயர் வேண்டும். ஆனால் பெரிய பெரிய பட்டன் வைத்த, காட்டுக்குள் ஓடுகிற முரட்டு டயரை அழகுக்காக நான்கிலும் மாட்டாதே. ஈரத் தாரில் அதன் ரப்பர் ரோட்டைத் தொடும் பரப்பு குறைவு. என்னைக் கேட்டால், நம் மலைக்கு முன்னால் கோடு, பின்னால் அளவான பட்டன். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் கூடவே கூடாது. ரீட்ரேடு செய்த டயரை முன்னால் போடுவதும் கூடாது. கையில் காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறதென்றால் புதிய இரண்டையும் பின்னால் போடு. முன் சக்கரம் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்க வழி உண்டு, பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே திரும்பிவிடும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சேலத்தில் மத்தியான வெயிலில், ஓடிச் சூடான டயரில் காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறாய். மறுநாள் விடியற்காலைக் குளிரில் அதே டயரில் சில பவுண்டு குறைந்து நிற்கும். லோடு ஏற்றும் முன், டயர் ஆறிய நிலையில், காலையில் அளந்து பார்த்துப் பிடிப்பதே சரியான அளவு. ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவையும் ஏன் ஒரு தன்னம்பிக்கைக் கட்டுரையில் எழுதுகிறேன்? தைரியம் ரப்பரைப் புதிதாக்காது என்பதால்! "நான் பார்க்காத வளைவா?" என்று மீசையை முறுக்குவதைத் தன்னம்பிக்கை என்று நமக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். மூடுபனியில் மலைச்சுவரும் தெரியாமல் பள்ளமும் தெரியாமல் இறங்கும்போது, உன் டயரின் வயது தெரியும், டயரில் வெட்டிய பள்ளத்தின் ஆழம் தெரியும், ஏற்றிய எடை தெரியும், பிடித்த காற்று தெரியும் என்றால் நெஞ்சில் ஓர் அமைதி வரும் பார், அதற்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. அளந்தவனுக்கு மட்டுமே அது வரும். கடன் வாங்க முடியாது, கத்தி வரவழைக்கவும் முடியாது.

அப்படி அளந்து வைத்திருக்கிறவனால்தான் முடியாது என்று சொல்லவும் முடியும். "இன்னும் நாலு மூட்டைதானே, ஏத்து" என்று வியாபாரி சொல்லும்போது உன் வாய் ஏன் அடைத்துப்போகிறது? அடுத்த லோடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற பயம், கட்ட வேண்டிய தவணை. எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் கணக்கு இருந்தால் அது கெஞ்சலாக வராது. "என் டயர் தாங்குறது இவ்வளவு, வண்டி எடை இவ்வளவு, மிச்சம் இவ்வளவுதான் ஏத்த முடியும்" என்று நிமிர்ந்து சொல். ஒரு நாள் முறைப்பார். உன் வண்டியில் போன சரக்கு ஒழுங்காய்ப் போய்ச் சேர்கிறது என்று கண்ட பிறகு உன்னைத்தான் கூப்பிடுவார்.

எந்த டயரும் போதாத நாளும் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் ஏற்காட்டில் மழை கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அன்றைக்குப் புது டயர் போட்டவனும் பழைய டயர் போட்டவனும் ஒன்றுதான். அப்படிப்பட்ட நாளில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் இருப்பவனைக் கோழை என்று எவனாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பழம் ஒரு நாள் தாமதமாய்ப் போகலாம்.

சரிவைப் படிப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. இங்கே காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். தார் ரோடும் மோட்டார் வண்டியும் வருவதற்கு வெகுகாலம் முன்பே மலையாளி பழங்குடி மக்கள் இந்தச் சரிவுகளில் சுமையோடு ஏறி இறங்கியவர்கள். எந்தக் கல் அசையும், எந்த மண் வழுக்கும் என்று பாதத்தால் படித்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று சொந்தமாகப் பிக்கப் வைத்து ஓட்டுகிறார்கள். செம்மடுவிலும் தலைச்சோலையிலும் உள்ள தங்கைகளுக்கும் சொல்கிறேன், வண்டி வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் தவணை கட்டும் கணக்கு உன் கையில் இருக்கிறது. டயரின் எண்ணைப் படிக்கும் உரிமையும் உனக்கு உண்டு. அவர் தயங்கினால் நீ குனிந்து படி. பிள்ளைகளுக்கும் படிக்கச் சொல்லிக் கொடு.

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நீயே எழுதிக்கொண்டு போ: சைஸ், எடைக் குறி, முன்னால் என்ன, பின்னால் என்ன, எந்த ஆண்டுக்கு முந்தியது வேண்டாம். போய் நின்று கேள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போ. சேலத்திலும் நாமக்கல்லிலும் டயர் கடைக்கா பஞ்சம்? லாரித் தொழிலால் வளர்ந்த ஊர்கள் அவை. உன் தாளில் எழுதியது கிடைக்கும்வரை பணத்தை எடுக்காதே. மாட்டிய பிறகு நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று நீயே பார், அலைன்மென்ட் பார்க்கச் சொல், கொஞ்ச தூரம் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கு. பழம் பறிப்பு தொடங்கட்டும் என்று காத்திருக்காதே. நாளைக் காலை, எஞ்சினைப் போடுவதற்கு முன், வண்டியைச் சுற்றி வந்து ஐந்து டயரையும் அளந்து எழுது.